முச்சையும் யாப்பும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய உரைத் தொடரிலே பட்டம் விடுவதைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பட்டம் என்றதும் இளமை நினைவுகளும் தைமாதத்து வானமும் விண் கூவும் ஓசையும் நம் நெஞ்சில் எழுவது இயல்பே. அவற்றைப் பாடியோர் பலர், எழுதியோர் பலர். நான் இன்று அவ்வழியிற் செல்லப்போவதில்லை. பட்டத்தின் ஓர் உறுப்பை மட்டும், அதுவும் அண்ணாந்து பார்ப்போர் கண்ணிற் படாத ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் பெயர் முச்சை.

முச்சை என்பது யாது? பட்டத்தின் சட்டத்திலே மேற்புறம் இரு இடங்களிலும் கீழ்ப்புறம் ஓர் இடத்திலுமாகக் கட்டப்படும் நூல்கள் பட்டத்தின் முன்னே ஒரு புள்ளியில் வந்து கூடுகின்றன. அந்தப் புள்ளியிலேதான் விடுநூல் முடியப்படுகிறது. இந்தக் கூட்டுக் கட்டே முச்சை. கடதாசியின் நிறத்தையும் வாலின் நீளத்தையும் புகழ்பவர் உண்டு. ஆனால் வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் ஆளுயரப் பட்டங்களை ஏற்றுகின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். முச்சை பிழைத்தால் எல்லாம் பிழைத்தது என்பார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. காற்றிலே பட்டம் எந்தச் சாய்வில் நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்வது முச்சை. விடுநூல் முடியும் புள்ளியைச் சற்று மேலே கொண்டுபோனால் பட்டம் காற்றுக்குத் தன் முகத்தைக் குறைவாகக் காட்டும், இழுவை குறையும், தலைக்கு மேலாக உயர்ந்து நிற்கும். அப்புள்ளியைக் கீழே இறக்கினால் காற்றை முழு மார்பிலும் ஏற்கும், இழுவை கூடும், ஆனால் தாழ்வாகவே நிற்கும். மிகுதியாக மேலே கொண்டுபோனாலோ பட்டம் காற்றையே பிடிக்காது குப்புற விழும். மிகுதியாக இறக்கினால் எழும்பவே மறுக்கும். இவ்விரு கேடுகளுக்கும் இடைப்பட்ட சிறு தொலைவுக்குள் சரியான இடத்தைத் தேடுவதே முச்சை கட்டும் கலை.

தேடுவது என்று ஏன் சொல்கிறேன்? சரியான இடம் என்று ஒன்று எல்லாக் காலத்துக்கும் எழுதி வைக்கப்படவில்லை. மெல்லிய காற்றுக்குச் சரியானது வேகக் காற்றுக்குச் சரியாகாது. ஒரு பட்டத்துக்கு ஏற்றது அதே அளவான இன்னொரு பட்டத்துக்கு ஏற்காமற் போகலாம். எனவே முச்சை என்பது பரம்பரையாக வந்த அறிவாக இருக்கும்போதே ஒவ்வொரு நாளும் பரிசோதிக்கப்பட வேண்டிய அறிவாகவும் இருக்கிறது. இந்த இரட்டைத் தன்மையே இன்றைய உரையின் பொருள். மரபையும் பரிசோதனையையும் எதிரெதிராக நிறுத்தி வாதிடும் நமக்கு, இவ்விரண்டும் ஒரு சாண் நூலுக்குள் ஒன்றாய் வாழும் இடம் ஒன்றைக் காட்ட விரும்புகிறேன்.

ஒற்றை நூற் பட்டத்தில் முச்சையைத் தரையில் வைத்தே கட்டி முடிக்க வேண்டும். பட்டம் எழுந்த பின்பு அதன் சாய்வை மாற்ற நம்மால் இயலாது. இழுக்கலாம், நூலை விடலாம், அவ்வளவே. வானத்தில் நிற்கும் பட்டத்தின் முச்சையை நின்ற இடத்திலிருந்தே மாற்ற முடிந்தால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒருவரின் வரலாறு நாம் அறிய வேண்டியது.

ஐக்கிய அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலே டேற்றன் என்னும் நகரம். அங்கே துவிச்சக்கரவண்டிக் கடை நடத்திவந்தவர்கள் வில்பர் றைற், ஓர்வில் றைற் என்ற சகோதரர் இருவர். 1899 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் திகதி வில்பர், மனிதப் பறப்புப் பற்றி வெளிவந்த எழுத்துக்களை அனுப்பி உதவுமாறு கேட்டு ஸ்மித்சோனியன் நிறுவகத்துக்குக் கடிதம் எழுதினார். அப்போது பறக்க முயல்வது உயிரைப் பணயம் வைக்கும் செயல். ஜேர்மனியரான ஒற்றோ லிலியந்தால் சறுக்கு விமானங்களிற் பலமுறை பறந்து புகழ்பெற்றவர். அவரே 1896 ஆம் ஆண்டில் விழுந்து மாண்டார். தமது உடலை அப்படியும் இப்படியும் அசைத்தே அவர் தமது சிறகுகளைச் சமன் செய்துவந்தார். காற்றின் திடீர்த் தாக்குதலுக்கு அந்த அசைவு போதவில்லை.

வில்பரின் சிந்தனை இங்கேதான் வேறு வழியிற் சென்றது. பறப்பதற்குச் சிறகு மட்டும் போதாது, சிறகை ஆளும் வழி வேண்டும் என்று அவர் கண்டார். பறவைகள் சாயும்போது சிறகின் நுனிகளை முறுக்குவதை அவர் கவனித்திருந்தார். ஒரு நாள் கடையிலே ரியூப் வைக்கும் நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் வைத்து முறுக்கியபடி வாடிக்கையாளர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தாராம். பெட்டியின் ஒரு முனை ஒரு பக்கமாகவும் மறுமுனை எதிர்ப்பக்கமாகவும் திரும்பின. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு சிறகுகளையும் இப்படியே முறுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

தோன்றியதை எப்படிச் சோதிப்பது? மனிதனை ஏற்றிச் சோதித்தால் லிலியந்தாலின் கதிதான். வில்பர் பட்டம் ஒன்றைக் கட்டினார். அகலம் 5 அடி. இரண்டு தட்டுச் சிறகு. ஒவ்வொன்றும் 13 அங்குலம். அந்தப் பட்டத்திலிருந்து நான்கு நூல்கள் புறப்பட்டன. இரண்டு மேற்சிறகின் இரு பக்கங்களிலிருந்து. இரண்டு கீழ்ச்சிறகின் இரு பக்கங்களிலிருந்து. வில்பர் கைக்கொன்றாக இரண்டு தடிகளைப் பிடித்தார். வலப்பக்கத்து மேல்நூலும் கீழ்நூலும் வலக்கைத் தடியின் இரு முனைகளிலே. இடப்பக்கத்தன இடக்கைத் தடியின் இரு முனைகளிலே. தடிகளை ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்த்தால் சிறகுகள் முறுகிப் பட்டம் பக்கமாகச் சாயும். இரண்டையும் ஒரே விதமாகச் சாய்த்தால் மேற்சிறகு முன்னோ பின்னோ நகர்ந்து பட்டத்தின் மூக்கு எழும் அல்லது தாழும்.

நேயர்களே, இதை வேறுவிதமாகச் சொல்லிப் பார்ப்போம். தரையிலே கட்டி முடித்துவிட வேண்டியிருந்த முச்சையை வில்பர் பிரித்து, அதன் கால்களை நீட்டி, பறப்பவனின் இரண்டு கைகளுக்குள் கொண்டுவந்துவிட்டார். முச்சை அதுவரை முன்கூட்டியே எடுத்த ஒரு முடிவாக இருந்தது. இப்போது அது கணந்தோறும் நடக்கும் ஓர் உரையாடல் ஆயிற்று.

1899 ஆம் ஆண்டின் கோடையிலே டேற்றன் நகரத்து வெளியொன்றில் வில்பர் அந்தப் பட்டத்தை விட்டார். ஓர்வில் அப்போது நண்பர்களுடன் வெளியே கூடாரமிட்டுத் தங்கியிருந்தார். எனவே அவர் அதனை நேரிற் பார்க்கவில்லை. அருகில் நின்று பார்த்தவர்கள் சிறுவர்கள். பட்டம் சொன்னபடி கேட்டது. வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம். இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம். ஆனால் ஒருமுறை மூக்கைத் தாழ்த்தியபோது பட்டம் பாய்ந்து இறங்கியது. இறங்கிய வேகத்தில் நான்கு நூல்களும் தளர்ந்துவிட்டன. தளர்ந்த நூலால் எதையும் சொல்ல முடியாது. வில்பரின் கையிலே தடிகள் இருந்தன, ஆட்சி இல்லை. தங்கள்மேல் மோதாதிருக்கச் சிறுவர்கள் முகம் குப்புறத் தரையில் விழுந்தார்கள் என்று பிற்காலத்தில் ஓர்வில் சொல்லியிருக்கிறார்.

இச்சம்பவத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அந்தப் பட்டம் தந்த பாடம் இரண்டு. ஒன்று, முறுக்கும் முறை வேலை செய்கிறது என்பது. மற்றது, கட்டளை செல்வதற்கு நூல் இருந்தால் மட்டும் போதாது, அது இறுகியும் இருக்க வேண்டும் என்பது. முதற் பாடம் உலக வரலாற்றை மாற்றியது. 1900 ஆம் ஆண்டு கிற்றி ஹோக் மணற்கரையிலே அச்சகோதரர்கள் தமது பெரிய சறுக்கு விமானத்தையும் முதலிலே பட்டமாகவே விட்டுச் சோதித்தார்கள். 1901 இலே எதிர்பார்த்த தூக்குவிசை கிடைக்காதபோது சோர்ந்து, பின்பு காற்றுச் சுரங்கம் அமைத்துச் சிறிய சிறகு மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17 ஆம் திகதி 12 விநாடி நேரம், 120 அடி தூரம் என்ற அந்த முதற் பறப்பு நிகழ்ந்தது. அதன் விதை 5 அடிப் பட்டமும் நான்கு நூலுமே.

விமானம் வந்தபின் நான்கு நூற் பட்டத்தை நெடுங்காலம் உலகம் மறந்திருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே அமெரிக்கக் கடற்படையினரின் சூட்டுப் பயிற்சிக்காக போல் கார்பர் என்பவர் இரு நூல்களால் ஆளத்தக்க பட்டத்தை உருவாக்கினார். 1972 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பீற்றர் பவல் வெளியிட்ட இரு நூற் பட்டம் அந்த விளையாட்டைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. இரு நூற் பட்டம் வளைந்தும் சுழன்றும் ஓடும். ஆனால் அது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஓரிடத்தில் நின்று, திரும்பி, வந்த வழியே பின்னோக்கிப் போ என்றால் அதற்குத் தெரியாது.

அதைச் செய்தது 1980 களின் இறுதியிலே கலிபோர்ணியாவின் சான் டியேகோ நகரத்து ஹட்சிக்கி சகோதரர் உருவாக்கிய நான்கு நூற் பட்டம். றெவொலூஷன் என்பது அதன் பெயர். எட்டு ஒன்பது அடி அகலம், நைலோன் துணி, காபன் நாராலான தண்டுகள். மேல் விளிம்பு முழுவதும் ஒரு தண்டு. அதிலிருந்து கீழிறங்கும் இரு தண்டுகள். வால் இல்லை. நான்கு நூல்கள் 80 அடி முதல் 120 அடி வரை நீண்டு, கைக்கொன்றாக இரண்டு கைப்பிடிகளில் வந்து முடிகின்றன. ஒவ்வொரு கைப்பிடியின் மேல் முனையில் ஒரு நூல்; கீழ் முனையில் ஒரு நூல். வில்பர் றைற்றின் இரு தடிகள் நினைவுக்கு வரவில்லையா? ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின் அதே பிடி மனிதனின் கைக்குத் திரும்பி வந்தது.

இப்பட்டம் செய்யும் வித்தைகள் பார்ப்பவரை மயக்குவன. இரண்டு கீழ்நூல்களையும் இழுத்தால் பின்னோக்கிச் செல்லும். ஒன்றை இழுத்து ஒன்றை விட்டால் நடுவை அச்சாகக் கொண்டு சக்கரம்போலச் சுழலும். நிலத்துக்கு ஓரடி மேலே அசையாது நிற்கும். இசைக்கேற்ப இதனை ஆடவிடும் போட்டிகள் உண்டு. பலர் கூடி அணியாக ஆட்டுவதும் உண்டு. ஆனால் நாம் பேச வந்தது ஆட்டத்தைப் பற்றியல்ல, முச்சையைப் பற்றி. இங்கே ஒரு கேள்வி எழும். நூல் நான்காகி, ஆட்சி கைக்கு வந்துவிட்ட பின்பு முச்சை எதற்கு? நான்கு நூலையும் சட்டத்தில் நேரே முடிந்துவிட்டால் என்ன?

முடியலாம். முடிந்து பார்த்தவர்களும் உளர். ஆனால் முச்சைக்கு இரண்டாவது கடமை ஒன்று இருக்கிறது. சாய்வைத் தீர்மானிப்பது முதற் கடமை. சுமையைப் பகிர்வது இரண்டாவது. காற்றின் முழு இழுவையும் நாலே புள்ளிகளில் விழுந்தால் மெல்லிய தண்டு அவ்விடங்களில் வளையும். வளைந்தால் துணியின் வடிவம் மாறும். வடிவம் மாறினால் பட்டத்தின் குணமே மாறும். ஆகவே மேல்நூலின் இழுவை மேல் விளிம்பின் நடுப்பகுதிக்கும் நுனிக்குமாகக் கிளை நூல்களாற் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கீழ்நூல் இறங்கு தண்டின் அடியைப் பற்றுகிறது. மேலையும் கீழையும் இணைத்து ஒரு நூல் ஓடுகிறது. வலப்பக்கத்துக்கு ஒரு முச்சை, இடப்பக்கத்துக்கு ஒரு முச்சை. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். இல்லையேல் பட்டம் ஒரு பக்கமாகவே ஒதுங்கும்.

இந்தக் கிளை நூல்களின் நீளத்தை மாற்றிப் பார்ப்பதையே ஒரு தவமாகச் செய்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட சில உண்மைகளைச் சொல்கிறேன். மேல்நூலுக்கும் கீழ்நூலுக்கும் உள்ள நீள வேறுபாடே முதலிற் கவனிக்கத்தக்கது. கைப்பிடியில் உள்ள சிறு கயிற்றிலே வரிசையாக முடிச்சுக்கள் இடப்பட்டிருக்கும். நூலை எந்த முடிச்சில் மாட்டுவது என்பதே தெரிவு. மேல்நூலைக் குறுக்கினால் பட்டம் ஆர்வத்தோடு முன்னே பாயும். ஆனால் நிற்கச் சொன்னால் நிற்காது, பின்னே போகச் சொன்னால் முரண்டு பிடிக்கும். மேல்நூலை நீட்டினால் நிற்கும், பின்னும் செல்லும். ஆனால் எழும்பும்போது சோம்பும்.

எவ்வளவு நீட்டுவது, எவ்வளவு குறுக்குவது? நீங்கள் வியப்பீர்கள். மேல்நூலும் கீழ்நூலும் பட்டத்தைப் பற்றும் இடங்களுக்கிடையே 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மேல்நூலை அரை அங்குலம் நீட்டினால் பட்டத்தின் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை மாறும். நூறு அடி தூரத்தில் நிற்கும் எட்டடிப் பட்டத்தின் சுபாவம் அரை அங்குலத்தால் வேறாகிவிடுகிறது. கைப்பிடி முடிச்சுக்கள் நெருக்கமாக இடப்படுவதன் காரணம் இதுதான்.

அடுத்தது மேல் விளிம்பின் வளைவு. நுனிக்குச் செல்லும் கிளையைச் சற்றுக் குறுக்கினால் இரு நுனிகளும் நம்மை நோக்கி வரும். பட்டம் கிண்ணம்போலக் குழியும். நடுவுக்குச் செல்லும் கிளையைக் குறுக்கினால் நுனிகள் பின்னே சரியும். பட்டம் வில்லைப்போல முதுகு வளையும். இரண்டு வடிவங்களும் காற்றை வேறு வேறு விதமாக ஏற்பன. ஆட்டுபவன் கைக்கு வேறு வேறு விதமாகப் பதில் சொல்வன. எது சிறந்தது? எதற்குச் சிறந்தது என்று கேட்டாலன்றி விடை கிடையாது. முச்சையில் இலவசமாகக் கிடைக்கும் நன்மை எதுவுமில்லை. ஒன்றைப் பெற்றால் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

இப்பரிசோதனையில் அனுபவமுடையோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்கிறார்கள். புதிய முச்சைக்கு நூல் வெட்டுமுன் அதனை இழுத்து அதன் நீட்சியை எடுத்துவிட வேண்டும். இன்றேல் இன்று அளந்த அளவு நாளைக்கு இராது. இரு பக்கத்துக்குமுரிய நூல்களை ஒன்றாக வைத்து அளந்து வெட்ட வேண்டும். பழைய முச்சையை எறிந்துவிடக் கூடாது. திரும்பி வருவதற்கு அது வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறித்துவைக்க வேண்டும். ஒரே நேரத்தில் நுனிக் கிளையையும் குறுக்கி, கீழ்நூலையும் நீட்டி, கைப்பிடி முடிச்சையும் மாற்றினால் பட்டம் நன்றாக ஆடினாலும் ஏன் ஆடியது என்று தெரியாது. கெட்டாலும் ஏன் கெட்டது என்று தெரியாது. காரணம் தெரியாத வெற்றியை மறுமுறை அழைக்க முடியாதல்லவா?

நேயர்களே, இவ்வளவு நேரமும் பட்டத்தைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் தமிழ் படித்த நேயர்களுக்கு ஒரு சொல் வாய்க்குள் வந்து நின்றிருக்கும். யாப்பு. யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் நரம்பும் தசையும் சேர்த்துக் கட்டப்பட்டதாகையால் உடம்புக்கு யாக்கை என்று பெயர். அசையும் சீரும் அடியும் சேர்த்துக் கட்டப்பட்டதாகையால் செய்யுளின் அமைப்புக்கு யாப்பு என்று பெயர். நம் மொழியிலே நூல் என்ற சொல்லுக்கும் இழை என்றும் புத்தகம் என்றும் இரு பொருள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கட்டுவதையும் எழுதுவதையும் நம் முன்னோர் அயலயலே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

உயர்தர வகுப்பிலே யாப்பிலக்கணம் நடத்தும்போது மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சேர், தளை எண்டால் விலங்குதானே? கவிதைக்கு ஏன் விலங்கு போட வேணும்?" நியாயமான கேள்வி. தளை என்னும் சொல்லுக்கு விலங்கு என்ற பொருள் உண்டு என்பதை மறுக்க இயலாது. யாப்பருங்கலக் காரிகையிலே அமிதசாகரர் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறு உறுப்புக்களை வைத்தார். இவற்றுள் தளை என்பது தனியே கண்ணாற் காணக்கூடிய ஒரு பொருள் அன்று. நின்ற சீருக்கும் வரும் சீருக்கும் இடையே உள்ள தொடர்பு அது. மாச்சீரின் பின் நிரையசை. விளச்சீரின் பின்னும் காய்ச்சீரின் பின்னும் நேரசை. இதுதான் வெண்டளை. நான்கடி வெண்பாவிலே ஓரிடத்தில் இத்தொடர்பு அறுந்தால் முழுப் பாட்டின் ஓசையும் சரிந்துவிடுகிறது. அரை அங்குல முடிச்சின் கதை இங்கும் நடக்கிறது.

எனவே அந்த மாணவருக்கு நாம் சொல்ல வேண்டிய விடை, விலங்கு நல்லது என்பதன்று. அவ்வாறு சொல்வது இளைஞரை ஏமாற்றுவதாகும். நூல் அறுந்த பட்டம் விழும், ஆகவே கட்டுக்கு அடங்கி இரு என்று பட்டத்தை வைத்து உபதேசம் செய்வோர் உளர். அந்த உபதேசம் முச்சை கட்டத் தெரியாதவரின் உபதேசம். பிழையாகக் கட்டிய பட்டமும் விழத்தான் செய்யும். நூல் அறாமலே, முடிச்சு அவிழாமலே விழும். கட்டு இருக்கிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. இந்தக் காற்றுக்கு, இந்த உடலுக்கு, இந்த ஆட்டத்துக்கு இந்தக் கட்டுப் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

இவ்வாறு கேட்டுப் பார்த்த கவிஞர் ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். அளவெட்டி தந்த மஹாகவி என்ற உருத்திரமூர்த்தி. அவர் யாப்பை எறிந்துவிடவில்லை. இருந்தபடியே வைத்துக்கொள்ளவும் இல்லை. செய்யுளின் சீரும் தளையும் உள்ளே ஓடிக்கொண்டிருக்க, வரிகளைப் பேச்சு நிற்கும் இடத்தில் நிறுத்தினார். கண்ணுக்குப் புதுக்கவிதை போலத் தோன்றும்; காதுக்கு யாப்பு கேட்கும். மேல் முடிச்சை மட்டும் மாற்றி மாட்டினார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்து லிமெரிக் என்ற ஐந்தடிப் பாடல் வடிவைக் கண்டு, தமிழோசைக்கு இசைவாகக் குறும்பா என்ற வடிவை அமைத்து 1966 ஆம் ஆண்டிலே நூலாகத் தந்தார். பிறநாட்டுச் சட்டத்துக்கு நம் நூலால் முச்சை கட்டிய முயற்சி அது. அவர் எதனை மாற்றினார், எதனை மாற்றாமல் வைத்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே அவருக்குப் பின் வந்தோர் அவரிடமிருந்து கற்க முடிந்தது.

புதுக்கவிதைக்கு முச்சையே இல்லை என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. நிலைத்து நிற்கும் புதுக்கவிதைகளை எடுத்து உரக்க வாசித்துப் பாருங்கள். மூச்சின் அளவு, வரி முறியும் இடம், திரும்ப வரும் சொல், சொல்லாமல் விட்ட சொல் என்று பல கிளை நூல்கள் மறைவாக நின்று சுமையைப் பகிர்ந்துகொண்டிருப்பது தெரியும். அவற்றை நிறுவியவர்கள் தேடித்தான் கண்டார்கள். நலிந்த புதுக்கவிதையும் நலிந்த வெண்பாவும் ஒரே காரணத்தால் நலிகின்றன. ஒன்றில் நூல் எங்கே முடியப்பட வேண்டும் என்று எவரும் தேடவில்லை. மற்றதில் எவரோ என்றோ தேடிக் கண்ட இடத்தில், இன்றைய காற்றைப் பாராமல், அப்படியே முடிந்துவிட்டார்கள்.

டேற்றன் வெளியிலே பட்டம் பாய்ந்தபோது வில்பரின் நூல்கள் அறுந்துபோகவில்லை. தளர்ந்தே போயின என்று சொன்னேன். இன்று நான்கு நூற் பட்டம் ஆட்டுபவர்கள் காற்று ஓயும் கணத்திலே என்ன செய்கிறார்கள் தெரியுமா? பின்னோக்கி நடக்கிறார்கள். காற்றுத் தராத இழுவையைத் தம் கால்களாற் கொடுத்து நூலை இறுக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். நூலின் ஒரு முனை காற்றினுடையது, மறுமுனை மனிதனுடையது. இரண்டு முனைகளிலும் இழுவை இருந்தாலே நடுவிலே பேச்சு நடக்கும். இலக்கணத்தைக் கற்பிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் இதிலே பாடம் உண்டு. மறுமுனையிலே வாழும் மொழியின் இழுவை இல்லாமல், வாய்பாட்டை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருந்தால், நம் கையிலும் தடிகள் இருக்கும், ஆட்சி இராது. தேமா புளிமா என்று மாணவர் ஒப்புவிப்பார்கள். ஆனால் ஒரு வரி அவர்கள் காதிலே ஆடாது.

ஆகவே யாப்பைப் படிக்கும் இளைஞருக்கு நான் சொல்லக்கூடியது இது. முதலில் உங்களுக்குக் கிடைத்த முச்சையால் ஒரு பட்டத்தை ஏற்றிப் பழகுங்கள். பின்பு ஒரே ஒரு முடிச்சை மாற்றுங்கள். வெண்பாவிலே ஈற்றடியை மட்டும் மாற்றிப் பாருங்கள். அகவலிலே பேச்சு நிற்கும் இடத்தில் வரியை முறித்துப் பாருங்கள். உரக்க வாசியுங்கள். எது கிடைத்தது, எது போயிற்று என்று குறித்துவையுங்கள். பழைய முச்சையை எறிந்துவிடாதீர்கள். அதன்முன் மண்டியிடவும் வேண்டாம். உங்கள் காற்று வேறாக இருக்கலாம். அதற்கேற்ற இடம் மேலேயோ கீழேயோ அரை அங்குலம் தள்ளியே இருக்கும். அந்த அரை அங்குலத்தைத் தேடுவதற்கு நேரத்தையும் பொறுமையையும் செலவிடத் துணிந்தவரே மரபையும் காப்பாற்றுகிறார், புதுமையையும் செய்கிறார்.